ஏழாம் பக்கத்தில் உப்பு

சிறுவர் பகுதியில் கதிரைகள் முழங்கால் உயரம்.
நிலத்தில் இருந்துதான் நான் வேலை செய்வேன்:
கத்தரிக்கோல், பசை, ஈரத்துணி,
கப்பலில் வந்த ஒரு பெட்டி.

நாற்பத்திரண்டு படப்புத்தகங்கள்.
ஒஸ்லோவில் யாரோ பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள்.
மூலைகளில் அவர்களுடைய பல் அடையாளம்,
ஒன்றில் காய்ந்துபோன பிஸ்கட் துகள்.
குறுக்கே கோடு இழுத்த வட்ட எழுத்தையும்
தலையில் வளையம் வைத்த எழுத்தையும்
இங்கே எவருக்கும் வாசிக்கத் தெரியாது.
எனக்கும்தான்.

"தமிழிலை எழுதி ஒட்டிவிடுங்கோ பிள்ளை" என்றார் நூலகர்,
எந்த மொழி என்று பாராமல்.
ஓம் என்றேன்,
எந்த மொழி என்று கேளாமல்.
படத்தைப் பார்த்தேன். எழுதினேன்.
அவ்வளவுதான் என் மொழிபெயர்ப்பு.
இன்றுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

வெள்ளைக்கரடிக் குட்டி. சுற்றிவர வெள்ளை.
ஏழாம் பக்கத்தில் அது தனியே நிற்கிறது
முன்கால் ஒன்றைத் தூக்கியபடி.
கீழே நான் ஒட்டிய துண்டு:
எங்கும் பனி. குட்டி அம்மாவைத் தேடியது.
அம்மாவைக் காணவில்லை.

சனிக்கிழமைகளில் அனொஷியா வருவாள்,
குருநகரிலிருந்து, தகப்பனின் சைக்கிள் பாரில்.
ஐந்து வயது. எழுத்துக் கூட்டத் தெரியாது.
எதையும் நகத்தால் சுரண்டிப் பார்க்காமல் நம்பமாட்டாள்.

"உது பனி இல்லை.
பனி விடியத்தான் வரும். புல்லிலை இருக்கும்."
"அப்ப இது?"
"உப்பு. ஆனையிறவிலை குவிச்சுக் கிடக்கும்.
பஸ்ஸிலை போகேக்கை கண்டனான்."
"ஆனையையும் கண்டனியோ?"
"ஆனை இல்லை." கொஞ்சம் யோசித்தாள்.
"கரடிதான் இருக்கும்போலை."

அதன்பிறகு அந்தக் குட்டி உப்பளத்தில்தான் நடந்தது.
உப்பென்றால் தாகம் எடுக்குமே.
தண்ணீர்ப் போத்தலின் மூடியைக் கழற்றி
அதன் வாயடியில் பிடித்தாள்.
இரண்டு சொட்டு. பசை விட்டது.
என் வசனம் ஒரு பக்கத்தால் சுருண்டு எழும்பியது.

ஆவணி. நல்லூர்த் திருவிழா.
வெளிநாட்டுப் பிள்ளைகள் வெயிலில் சிவந்து திரிகிற மாதம்.
மின்விசிறிக்காக உள்ளே வந்த ஒருத்தி,
பதினொரு வயதிருக்கும், பெயர் ஆருத்ரா,
சுருண்ட துண்டை விரலால் தூக்கி
அடியில் இருந்ததை மளமளவென்று வாசித்தாள். சிரித்தாள்.
பிறகு தமிழுக்கு மாறி,
ஈரத் தரையில் நடப்பவள்போல், சொல் சொல்லாய்:
"அன்ரி, இதிலை ஆரும்... காணாமல் போகேல்லை.
அம்மாவும் குட்டியும் ஒளிச்சுப் பிடிச்சு விளையாடுகினம்.
அம்மா கண்ணைப் பொத்திக்கொண்டு எண்ணுறா.
குட்டி ஒளிக்கப் போகுது.
காலைத் தூக்கினது சத்தம் கேக்காமல் நடக்க."

கண்ணாடியைத் துடைத்தேன்.
ஒரு குட்டி தனியே நின்றால்
எனக்கு வேறு வசனம் வரவில்லை.
மதில்களில், பதாகைகளில், கச்சேரி வாசலில்,
பிடித்த படங்களின் கீழே
அந்தச் சொல்லை வாசித்தல்லவா
எழுத்துக் கூட்டப் பழகினேன்.

மற்ற நாற்பத்தொன்றையும் திறக்கப் பயமாக இருந்தது.
எத்தனை பேரை நான் தொலைத்தேனோ.
முயல் ஒன்று உண்டு, யன்னலடியில்.
மழைக்கோட்டுடன் ஒரு பையன், பஸ் தரிப்பில்.
ஆருத்ராவைத் தேடி அவள் சித்தி வந்துவிட்டா.
நாளைக்கும் வருவாயா என்று கேட்டேன்.
நாளைக்குத் தேர் என்றாள்.

ஏழாம் பக்கத்துக்கு மட்டும் புதிய துண்டு வெட்டினேன்.
அம்மா எண்ணுகிறாள்: ஒன்று, இரண்டு, மூன்று...

சனிக்கிழமை அனொஷியா அதைச் சுரண்டிப் பார்த்தாள்.
வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.
"பத்து வந்திட்டுதோ?"
"இன்னும் இல்லை."
தூக்கிய அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"கெதியா எண்ணச் சொல்லுங்கோ.
உப்பிலை நிண்டா கால் எரியும்."